மாவுக்கட்டு அக்காவின் மணிக்கட்டு

அந்த ஆஸ்பத்திரிக்கு எலும்பு முறிந்து வருகிறவர்கள் இரண்டு முகங்களை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். ஒன்று, வண்டியைக் கொண்டுவந்து மோதிய ஆளின் முகம். இன்னொன்று, மாவுக்கட்டு அக்காவின் முகம். மோதுகிற முகம் ஆளுக்கு ஆள் மாறும். கட்டுப் போடுகிற முகம் இருபத்திரண்டு வருஷமாக ஒன்றேதான்.

தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் லிஃப்டுக்கும் நடுவில் இருக்கிறது அவள் ராஜ்ஜியம். நீலக் கதவு. உள்ளே ரெக்சின் கிழிந்து ஒட்டுப்போட்ட நீள மேசை, பஞ்சு உருளைகளும் மாவு பேண்டேஜும் அடுக்கிய அலமாரி, வாய் அகன்ற இரண்டு வாளிகள், ஆணியில் தொங்கும் கட்டு வெட்டுகிற மெஷின். தரையை எத்தனை தடவை துடைத்தாலும் வெள்ளையாக ஒரு படலம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அக்காவின் செருப்பு, கைப்பை, பஸ் பாஸ் எல்லாவற்றிலும் அந்த வெள்ளை இருக்கும். வீட்டுக்காரரின் மேல்சட்டையில்கூட இருக்கும். அவர் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். "உங்க வீட்டுல யாரு, மாவு மில்லா?" என்று யாராவது கேட்டால் போதும், "இல்லங்க, எலும்பு மில்லு" என்று ஆரம்பித்துப் பெண்டாட்டி புகழை இரண்டு ஸ்டாப் தூரத்துக்குப் பாடிவிடுவார்.

புகழ் சும்மா வரவில்லை. அக்கா போட்ட கட்டைப் பார்த்தாலே தெரியும். மேடு பள்ளம் இருக்காது, ஓரத்தில் பிசிறு இருக்காது, எலும்பு எந்த இடத்தில் மெலிந்து எந்த இடத்தில் பருத்திருக்கிறதோ அப்படியே அதன் மேல் படிந்திருக்கும். காய்ந்ததும் நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டுவாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் வந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவிழ்த்து மறுபடி போடுவாள். பெரிய டாக்டர் ஒருவரே அவசரமாகப் போகணும் என்று எழுந்தபோது, "உட்காருங்க சார், உங்க கால் இன்னும் என் கால்தான்" என்று உட்கார வைத்தவள்.

கட்டுப் போட்டு முடிந்ததும் மூன்று கட்டளை. நனைக்காதே, குச்சி விட்டுச் சொறியாதே, நாள் வருமுன்னே கழட்டாதே. வந்தவர் அதைத் திருப்பிச் சொல்லாமல் நீலக் கதவைத் தாண்ட முடியாது. கெஞ்சுகிறவர்களுக்கா பஞ்சம்? ஒருத்தனுக்கு அடுத்த வாரம் கல்யாணம், போட்டோவில் கட்டு விழுந்துவிடுமாம். "கட்டோட நின்னா பொண்ணு மாலை போட மாட்டாளா? உடைஞ்ச கையைப் பிடிச்சவதாண்டா கடைசி வரைக்கும் விட மாட்டா, போ" என்று அனுப்பி வைத்தாள்.

இப்படியெல்லாம் ஊருக்கே சட்டம் போட்டவள் தன் விஷயத்தில் என்ன செய்தாள் என்பதுதான் கதை.

அதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில குழந்தைகள் பாதம் உள்பக்கமாக மடங்கிப் பிறக்கும். உள்ளங்கால் வானத்தைப் பார்க்கும். பிறந்த சில வாரத்துக்குள் பிடித்தால் கத்தியில்லாமலே பெரும்பாலும் நேராக்கிவிடலாம். வாரம் ஒரு கட்டு. ஒவ்வொரு தடவையும் பாதத்தைக் கொஞ்சமே கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி, அந்த நிலையிலேயே நிறுத்தி, தொடையிலிருந்து விரல் வரைக்கும் மாவு போட வேண்டும். ஐந்தாறு வாரத்தில் கால் திரும்பிவிடும். இதில் எல்லாமே கட்டைவிரலில்தான் இருக்கிறது. பாதத்தின் வெளிப்பக்கம் ஒரு குண்டுமணி அளவு எலும்பு தட்டுப்படும். அதன் மேல் கட்டைவிரலை வைத்துத் தாங்கிக்கொண்டு மறுகையால் திருப்ப வேண்டும். அழுத்தம் கூடினால் உள்ளே தோல் புண்ணாகும். குறைந்தால் கட்டு பயனில்லை. அக்காவின் வலது கட்டைவிரலுக்கு அந்த அளவு தெரியும். குழந்தை பால் குடித்துக்கொண்டே இருக்கும், கட்டு முடிந்திருக்கும்.

அப்படித் திருப்பிய கால்கள் இருநூற்றுக்கு மேல். அந்தக் கால்கள் எல்லாம் இப்போது பந்து உதைக்கின்றன, பஸ் பின்னால் ஓடுகின்றன, மதில் ஏறிக் குதித்துக் கையை உடைத்துக்கொண்டு திரும்ப அவளிடமே வருகின்றன. வந்தால் திட்டுவாள். திட்டும்போதே முகம் பெருமையில் பூரித்துப் போயிருக்கும்.

அறையில் இன்னொருவரும் வேலை பார்த்தார். அக்காவைவிட மூன்று வயது மூத்தவர். ஆனாலும் ஆஸ்பத்திரியே அக்கா என்று கூப்பிடுவதால் அவரும் அக்கா என்றே கூப்பிடுவார். எதைச் சொன்னாலும் "சாவகாசமா பண்ணிக்கலாம்" என்பார். பெயரே சாவகாசம் என்று ஆகிவிட்டது. அக்கா ஐந்து கட்டுப் போடும் நேரத்தில் அவர் இரண்டு போடுவார். பெரியவர்களின் கையும் காலும் அவருக்கு, செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு. அவரைத் தொட விட்டதே இல்லை. "அண்ணே, நீங்க திருப்புறதுக்குள்ள அது நடந்தே போயிரும்" என்பாள்.

ஒரு நாள் காலையில் தன் வாளியிலிருந்து தானே சிந்திய மாவுத் தண்ணீரில் தானே வழுக்கி விழுந்தாள். வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தாள். ஊரே சிரித்தது, அவளும் சிரித்தாள். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எலும்பு டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே உள்ள குழியில் அழுத்திப் பார்த்தார். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது முதல் படத்துல ஒளிஞ்சுக்கும் அக்கா. கட்டுப் போட்டு ரெண்டு வாரம் கழிச்சுப் பார்ப்போம்."

டாக்டரம்மா அக்காவைவிடப் பத்து வயது சிறியவர், வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர். இரண்டு வாரம் கழித்து எடுத்த படத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. மணிக்கட்டில் இருக்கும் எட்டுக் குட்டி எலும்புகளில் ஒன்று, முந்திரிப்பருப்பு போல வளைந்தது, நட்டநடுவில் உடைந்திருந்தது. அதற்கு ரத்தம் ஒரு முனையிலிருந்துதான் வரும். நடுவில் உடைந்தால் மறுபாதி பட்டினி. அதனால் மற்ற எலும்பு ஆறு வாரம் கேட்டால் இது பன்னிரண்டு கேட்கும். இதை டாக்டரம்மா அக்காவுக்குச் சொல்லவே தேவையில்லை. அக்காவே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

சாவகாசம் அண்ணன் பேண்டேஜை நனைத்துக்கொண்டு வந்தார். அக்கா விடவில்லை. இடது கையால், பல்லால் நுனியைக் கடித்து, தன் கட்டைத் தானே போட்டுக்கொண்டாள். பெரியவர்களின் கட்டுகளைச் சாவகாசம் அண்ணன் பார்த்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை வந்தது. வரிசையில் நாலு குழந்தைகள்.

வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்பார்கள். கட்டை வெட்ட மெஷின் வேண்டும், மெஷின் வைத்திருக்கிறவள் அக்கா. அக்காவோ மெஷினும் கையுமாக இருக்கிறாள். தன் கட்டை இரண்டு பக்கமும் நேராக வெட்டி, பெட்டியும் மூடியும் போல இரண்டாகப் பிளந்து எடுத்தாள். குழந்தைகளுக்குக் கட்டுப் போட்டாள். பிறகு மூடியைப் பொருத்தி, மேலே துணி பேண்டேஜைச் சுற்றிக்கொண்டாள். வெளியே பார்த்தால் அச்சு அசல் கட்டு. அடுத்த செவ்வாயும் அப்படித்தான். அதற்கடுத்த செவ்வாயும். வலித்தது. வலித்தால் என்ன, யாருக்குத் தெரியும்?

பன்னிரண்டாவது வாரம் படம் எடுக்கக்கூடப் போகவில்லை. தானே சுண்டிப் பார்த்துத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். "எனக்குத் தெரியாதா?"

எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு குழந்தையின் கட்டில் அவள் கட்டைவிரல் ஒரு பள்ளம் போட்டது. சோழி அளவுப் பள்ளம். வலி தாங்காமல் விரல் ஒரு நொடி நழுவி, மறுபடி ஊன்றியிருக்கிறது. வேறு யார் கண்ணுக்கும் அது பட்டிருக்காது. அக்காவுக்குப் பட்டது. கட்டை வெட்டி எடுத்து, இடது கட்டைவிரலால் திக்கித் திணறி இன்னொன்று போட்டாள். குழந்தை அழுதது. அக்காவின் மேசையில் குழந்தை அழுது யாரும் பார்த்ததில்லை. அன்று மத்தியானம் எக்ஸ்ரே அறைக்குத் தானே போய், "ஒரு படம் எடு" என்று கையை நீட்டினாள்.

படத்தைப் படிக்க அவளுக்கு டாக்டர் வேண்டாம். எலும்பு இரண்டாக இருந்தது. உடைந்த ஓரங்கள் கூழாங்கல் போல வழவழப்பாகி, இனிமேல் நாங்கள் ஒட்டப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டிருந்தன. நடுவில் கறுப்பாக ஒரு குழி.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அக்கா, கட்டைக் கழட்டினீங்களா?"

அக்கா பொய் சொல்கிறவள் இல்லை. கேட்காத வரைக்கும் சொல்லாமல் இருப்பாள், அவ்வளவுதான்.

"செவ்வாய்க்கிழமை மட்டும்தான் டாக்டர்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டார்.

"எலும்புக்குச் செவ்வாய் புதன் தெரியுமா அக்கா? சரி, கேளுங்க. அந்தக் குழியைச் சுரண்டிச் சுத்தம் பண்ணணும். உங்க இடுப்பெலும்புல இருந்து கொஞ்சம் எடுத்து அதுல வச்சு அடைக்கணும். குறுக்கே ஒரு ஸ்க்ரூ. அப்புறம் மறுபடியும் பன்னிரண்டு வாரம் கட்டு. இந்தத் தடவை ஒட்டலைன்னா நான் திரும்பத் திறக்க மாட்டேன். மணிக்கட்டை அசையாமப் பூட்டி வைக்கறதுதான் வழி."

"பூட்டினா?"

"சாப்பிடலாம். எழுதலாம். பஸ்ல கம்பியைப் பிடிக்கலாம். குழந்தை காலைப் பிடிக்க முடியாது."

அக்கா அன்றைக்கு வீட்டுக்கு வந்து, வாயே திறக்காமல் துணி மடித்தாள். வீட்டுக்காரர் பயந்துபோனார். பேசாத பெண்டாட்டியை அவர் பார்த்ததே இல்லை. சமையலறை வாசலில் நின்று இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"இத்தனை வருஷமா ஊர்ல இருக்கிற எலும்பையெல்லாம் ஒட்ட வச்சவ நீ. உன் எலும்பு உனக்கு ஒட்டாதா?"

"நான் எங்க ஒட்ட வச்சேன்? அது தானா ஒட்டுது. நான் ஆடாமப் பிடிச்சுக்கறேன், அவ்வளவுதான்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். தான் என்ன செய்தாள் என்பது அவள் வாயாலேயே வந்துவிட்டது.

அறுவை சிகிச்சை இரண்டு மணி நேரம் நடந்தது. பட்டினி கிடந்து செத்துப்போன பகுதியைச் சுரண்டி எடுத்து, புது ரத்தம் கசிகிற வரைக்கும் போய், இடுப்பிலிருந்து வெட்டி எடுத்த சின்னத் துண்டைச் சரியாகச் செதுக்கிப் பொருத்தினார் டாக்டரம்மா. கண் விழித்த அக்காவுக்குக் கை வலிக்கவில்லை, இடுப்பு உயிர் போனது. கை ஆபரேஷனுக்குப் போனவள் நொண்டிக்கொண்டு வந்தாள். பார்க்க வந்தவர்களெல்லாம் காலில் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "கைக்குக் கடன் குடுத்திருக்கேன்" என்றாள். வாய் திரும்பிவிட்டது என்று வீட்டுக்காரருக்கு நிம்மதி.

இரண்டாவது வாரம் தையல் பிரித்ததும் முழுக்கட்டு. இந்தத் தடவை யார் போடுவது என்ற பேச்சே இல்லை. சாவகாசம் அண்ணன் போட்டார். முழங்கையிலிருந்து கட்டைவிரல் நுனி வரைக்கும் முக்கால் மணி நேரம் போட்டார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குற்றம் கண்டுபிடிக்க ஓர் இடமாவது வேண்டுமே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. அதைச் சொல்லவும் இல்லை.

டாக்டரம்மா பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்தார். கட்டைச் சுற்றி மூன்று இடத்தில் வளையம் போட்டு, ஒவ்வொரு வளையத்தின் மேலும் கையெழுத்துப் போட்டார். எந்தப் பக்கம் வெட்டினாலும் கோடு உடையும்.

"இது என்ன டாக்டர், கோர்ட்டுக்குப் போற சாமானா?"

"உங்களை எனக்குத் தெரியும் அக்கா."

அக்காவுக்கு முகம் செத்துப்போனது. திருடனுக்குப் பூட்டுப் போடலாம், தனக்கா? அன்று பஸ்ஸில் கட்டைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, தன் பங்குக்குக் கத்திரிக்கோல், ரம்பம், தோட்டத்துக் கத்தி எல்லாவற்றையும் எடுத்துப் பஸ்ஸின் டூல் பாக்ஸில் பூட்டி வைத்தார். நகவெட்டியைக்கூட விடவில்லை. "என் கட்டை நகவெட்டியால வெட்டுவேனா?" என்று கேட்டாள். "நீ வெட்டுவ" என்றார் அவர். அதிலும் ஒரு பெருமை தொனித்தது.

நாலாவது வாரத்திலிருந்து வேலைக்கு வந்தாள். பதிவேடு எழுதுவது, படம் வாங்கி வைப்பது, வந்தவர்களை அதட்டுவது. எல்லாம் இடது கையால். மாவுக்கட்டின் மேல்தோல் தேயத் தேயப் பொடியாக உதிரும். சட்டைக் கையில் உரசி, மேசையில் உரசி, ஐந்தாவது வாரம் முடிவதற்குள் மூன்று வளையமும் மூன்று கையெழுத்தும் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன. சாவகாசம் அண்ணன்தான் முதலில் பார்த்தார்.

"அக்கா, சீல் போயிருச்சு. டாக்டர்கிட்ட சொல்லித் திரும்பப் போடச் சொல்லவா?"

"ஒண்ணும் வேணாம்."

ஏழாவது வாரத்தில் வந்த செவ்வாய்க்கிழமை அது. பேக்கரியில் வேலை பார்க்கும் ஒரு பெண், ஆறு வாரக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு காலும் உள்ளே மடங்கிய பெண் குழந்தை. அக்காவின் கை கட்டுக்குள் போனதிலிருந்து சாவகாசம் அண்ணன்தான் செவ்வாய்க் கட்டும் போட்டார். இந்தக் குழந்தைக்குப் போன வாரம் மூன்றாவது கட்டு. அது நழுவிவிட்டது. வலது காலின் விரல்கள் கட்டுக்குள்ளே காணாமல் போயிருந்தன. நழுவிய கட்டு பாதத்தைத் திருப்பாது, தேய்த்துப் புண்ணாக்கும். முந்திய வாரமும் இடது காலில் அப்படித்தான் ஆனது.

அந்தப் பெண்ணின் முன்கையில் இன்னும் மைதா ஒட்டியிருந்தது. வேலையிலிருந்து நேராக ஓடிவந்திருக்கிறாள்.

"அக்கா, உங்க கைக்குத்தான் நிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. இந்த ஒரு தடவை நீங்க போடுங்கக்கா. என் பொண்ணு கால் அக்கா."

சாவகாசம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நழுவிய கட்டை வெட்டி எடுத்தார். குழந்தையின் காலைத் துடைத்தார். வாளியை எடுத்துக்கொண்டு, "தண்ணி பிடிச்சுட்டு வரேன்" என்று வெளியே போனார். தாய் குழந்தைக்குப் பால் கொடுக்கத் திரும்பி உட்கார்ந்தாள். டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார், சாயங்காலம்தான் வருவார்.

மெஷின் மேசை மேலேயே இருந்தது.

அக்கா கணக்குப் போட்டாள். வெட்ட ஐந்து நிமிஷம். குழந்தைக்கு இருபது நிமிஷம். திரும்ப மூடியைப் பொருத்தி, மேலே ஒரு சுற்று மாவு பூசினால் வெட்டிய இடமே தெரியாது. கோடும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஏழு வாரம் ஆகிவிட்டது, பாதிக்கு மேல் ஒட்டியிருக்கும். ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை.

இடது கையால் மெஷினை எடுத்தாள். சுவிட்சைப் போட்டாள். வண்டு போல அது இரைந்தது. பயந்த குழந்தைகளுக்கு அந்த மெஷினைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "பாரு, கூசுது, வெட்டாது" என்று சிரிக்க வைப்பாள். இப்போது அவளுக்கே பயமாக இருந்தது. கட்டின் ஓரத்தில் வைத்தாள். அதிர்வு கட்டு வழியாக எலும்புக்குள் போனது. உள்ளே ஓர் இடம் தெரிந்தது, முந்திரிப்பருப்பு அளவு இடம். தன் இடுப்பிலிருந்து போன துண்டு அங்கேதான், இருட்டில், அசைக்காதே அசைக்காதே என்று பிடித்துக்கொண்டு கிடக்கிறது. இருநூறு குழந்தைகளின் எலும்பிடம் காட்டிய பொறுமையைத் தன் எலும்பிடம் ஒரு நாள்கூடக் காட்டியதில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மெஷினை அணைத்தாள். ஆணியில் மாட்டினாள். கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள், அதையே நம்பாதவள் போல.

தண்ணீர் பிடிக்கப் போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். குழாய் பத்தடி தூரத்தில் இருக்கிறது. அதற்கு இவ்வளவு நேரமா என்று அக்காவுக்கு எரிச்சலாக வந்தது.

"அண்ணே, நீங்கதான் போடுறீங்க. முட்டியை நல்லா மடக்கினீங்களா போன வாரம்?"

"மடக்கினேனே."

"நாற்காலி மாதிரி முழுசா மடக்கினீங்களா, பாதி மடக்கினீங்களா? பாதி மடக்கினா கட்டு செருப்பு மாதிரி கழண்டுரும். இப்ப கட்டைவிரலை வைங்க. அங்க இல்ல, கொஞ்சம் மேல. தட்டுப்படுதா?"

"தட்டுப்படுது."

"அமுக்காதீங்க, தாங்குங்க."

"எவ்வளவு அக்கா?"

இருபத்திரண்டு வருஷமாக விரல் செய்த வேலையை வாய் செய்ய வேண்டியிருந்தது. யோசித்தாள். தன் இடது கட்டைவிரலை அவர் கட்டைவிரல் மேல் வைத்தாள். "நான் உங்களை எவ்வளவு அமுக்கறேனோ அவ்வளவு. நான் விட்டா நீங்களும் விடுங்க." அவர் தலையாட்டினார். குழந்தை பால் குடித்துக்கொண்டே இருந்தது. அவருடைய சாவகாசம் அன்றைக்குக் குழந்தைக்குப் பிடித்துப் போனது. அவசரமில்லாத கை என்பதால் அது காலை உதறவே இல்லை. ஒரு காலுக்கு அரை மணி. இரண்டு காலும் முடிந்ததும் அக்கா சுண்டிப் பார்த்தாள். சத்தம் சரியாகவே இருந்தது. வயிற்றில் லேசாக ஒரு பொறாமை எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்த செவ்வாய் அந்தப் பெண் வந்தபோது, குழந்தையின் பத்து விரல்களும் கட்டுக்கு வெளியே வரிசையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே. பாதம் மெல்ல மெல்ல வெளியே திரும்பியது. "உங்க கைக்கும் நிக்குதுண்ணே" என்று அந்தப் பெண் சாவகாசம் அண்ணனிடம் சொன்னாள். அக்கா பதிவேட்டில் மும்முரமாக எதையோ எழுதினாள்.

பன்னிரண்டாவது வாரம், கட்டுப் பிரிக்கிற நாள். டாக்டரம்மாவே நீலக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அக்காவின் கையைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"கோடு எங்க அக்கா?"

"அது அஞ்சாவது வாரமே தேஞ்சு போச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா திரும்பப் போடுவீங்க. அது எனக்கு வேணாம்னு தோணுச்சு."

"அப்போ நீங்க கழட்டலைன்னு நான் எப்படி நம்பறது?"

பழைய அக்காவாக இருந்திருந்தால் மூக்கின் மேல் கோபம் வந்திருக்கும். அக்கா நேராக நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னை நம்ப வேணாம் டாக்டர். எலும்பைக் கேளுங்க."

சாவகாசம் அண்ணன் கட்டை வெட்டினார். உள்ளே கை வாடி, வெளுத்து, பாதியாக இருந்தது. அந்தக் கையை ஏந்திக்கொண்டு ஸ்கேன் அறைக்குப் போனாள். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசலில் காலியாக நிறுத்திவிட்டு ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேர்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

டாக்டரம்மா கூப்பிட்டார். திரையில் எலும்பு பெரிதாக இருந்தது. நடுவில் ஸ்க்ரூ ஒரு பளபளப்பான கோடாகத் தெரிந்தது.

"அக்கா, எனக்கு ஒரு உதவி. எந்த இடத்துல உடைஞ்சிருந்ததுன்னு காட்டுங்க."

அக்கா திரைக்குப் பக்கத்தில் போனாள். மயிரிழை விரிசலைக்கூடத் தூரத்திலிருந்தே சொல்கிற கண். மேலிருந்து கீழே தேடினாள். கீழிருந்து மேலே தேடினாள். குழி இருந்த இடமெல்லாம் ஒரே வெள்ளை. இடுப்பெலும்பு எது, மணிக்கட்டு எலும்பு எது என்று பிரிக்கவே முடியவில்லை.

"தெரியல டாக்டர்" என்றாள். தெரியல என்று அவள் சொல்லி அந்த ஆஸ்பத்திரி கேட்டதில்லை. இவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையை யாரும் சொல்லியும் கேட்டதில்லை.

"எனக்கும் தெரியல. கட்டைக் கழட்டாத எலும்பு இது. நான் கேட்டது தப்பு அக்கா."

"தப்பில்ல டாக்டர். ஒண்ணு சொல்லணும். ஏழாவது வாரம் மெஷினைக் கையில எடுத்தேன். சுவிட்சும் போட்டேன். கட்டு மேலயே வச்சேன்." மூச்சு விட்டுக்கொண்டாள். "எடுத்தேன். திரும்ப வச்சுட்டேன்."

இருநூறு கால்களைப் பற்றிச் சொல்லும்போதுகூட அவள் தலை அவ்வளவு நிமிர்ந்ததில்லை. வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெட்டிய கட்டின் இரண்டு பாதியையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்த சாவகாசம் அண்ணன் மெல்ல, "ஆமா டாக்டர், நான் பார்த்தேன்" என்றார்.

அக்கா சடாரென்று திரும்பினாள். "பார்த்தீங்களா? எங்க இருந்து?"

"கதவுக்கு வெளியிலதான். வாளியோட நின்னுட்டிருந்தேன்."

"மெஷின் சத்தம் கேட்டும் நின்னீங்களா? உள்ள வந்து தடுக்க வேண்டியதுதானே அண்ணே!"

அவர் வழக்கம்போல அவசரப்படாமல் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"தடுத்திருந்தா வெட்டியிருப்பீங்க அக்கா."

அக்கா அவர் கையிலிருந்த தன் பழைய கட்டின் ஒரு பாதியை இடது கையால் எடுத்து, நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் போட்டிருக்கீங்க அண்ணே" என்றாள்.